திருப்தி என்னும் விடை: தோல் புற்றுநோய் அறுவைக்குப் பின் நோயாளரிடம் கேட்கப்படும் வினாக்களின் தமிழ் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தோல் புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளர் பெறும் மனநிறைவை அளக்க உலக அளவில் பல வினாநிரல்கள் உருவாக்கப்பட்டுள்ளன. அவற்றின் மையக் கருத்து தமிழில் 'திருப்தி', 'மனநிறைவு' ஆகிய சொற்களால் வழங்கப்படுகிறது. அன்றாடத் தமிழில் இச்சொற்கள் எத்தகைய உறவுக்குள் பொருள் கொள்கின்றன, 'குறை', 'வடு', 'முகம்' ஆகிய சொற்களோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அறுவையை மையமிட்ட தமிழ்க் கதையாடலுக்குச் சான்றாக, வடபழனியில் படமாக்கப்பட்ட 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) எடுத்துக்கொள்ளப்படுகிறது. நோயாளர் 'திருப்தி' என்று விடையளிக்கும்போது தம் உடலை மதிப்பிடுவதைவிட உறவொன்றைக் காப்பதே மிகுதி என்பதும், வடுவைப் பற்றிய வினா வேறு சொற்களில், வேறு காலத்தில் கேட்கப்பட வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: திருப்தி, குறை, வடு, முகதாட்சணியம், தோல் புற்றுநோய், மருத்துவத் தமிழ், வடபழனி.

முன்னுரை

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நோயாளரிடம் ஒரு தாள் நீட்டப்படுகிறது. 'எங்கள் சேவையில் தாங்கள் திருப்தி அடைந்தீர்களா?' என்பது அதில் வழக்கமாக இடம்பெறும் வினா. 'மிகவும் திருப்தி', 'திருப்தி', 'பரவாயில்லை', 'திருப்தி இல்லை' என்பன போன்ற விடைகளுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். விடைகள் எண்களாக மாற்றப்பட்டு, நிறுவனத்தின் தரத்துக்குச் சான்றாகின்றன. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய வாரியம் நோயாளர் மனநிறைவை அளந்து பதிவு செய்வதை வலியுறுத்துகிறது. ஒன்றிய நலவாழ்வு அமைச்சகம் 2016இல் தொடங்கிய 'மேரா அஸ்பதால்' திட்டம் குறுஞ்செய்தி, தொலைபேசி, செயலி ஆகியவற்றின் வழி நோயாளரின் கருத்தைத் திரட்டுகிறது. இவ்வாறு 'திருப்தி' என்ற சொல் இன்று நிருவாக அளவுகோலாகிவிட்டது.

இச்சொல்லின் புள்ளியியல் பயன்பாடு குறித்து மருத்துவத் துறையினர் எழுதியுள்ளனர். இதன் தமிழ் குறித்துத் தமிழாய்வாளர் போதிய கவனம் செலுத்தியதாகக் கூறவியலாது. கருத்துப் படிவமும் ஒரு தமிழ்ப் பனுவலே. அதற்கும் சொல்தேர்வு, வேற்றுமை, காலம், கேட்போர்-சொல்வோர் உறவு ஆகியன உள. அவற்றைத் திறனாய்வு நெறியில் வாசிப்பதே இக்கட்டுரையின் பணி. இது கள ஆய்வு அன்று. சொல்லாய்வும் கதையாடல் ஆய்வும் ஆகும். எல்லா நோய்களையும் எடுத்துக்கொள்ளாமல் தோல் புற்றுநோயைத் தேர்ந்ததற்கான காரணம் அடுத்த பகுதியில் விளக்கப்படுகிறது.

1. உயிர் பிழைத்த பின் எஞ்சுவது

தோல் புற்றுநோயில் அடித்தளச் செல் புற்று, செதிள் செல் புற்று, மெலனோமா என்பன முதன்மையான மூவகைகள். வெள்ளைத் தோலினர் வாழும் நாடுகளில் இது மிகப் பரவலான நோய். இந்தியாவில் அரிதாகவே காணப்படுகிறது. கருந்தோலின் நிறமியான மெலனின் வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து பெருமளவு காக்கிறது. எனினும், அரிது என்பதால் இல்லை என்றாகாது. இங்கு நோய் வரும் வாயில்கள் வேறு. பழைய தீக்காயத் தழும்பிலும் ஆண்டுக்கணக்கில் ஆறாத புண்ணிலும் செதிள் செல் புற்று தோன்றக்கூடும். தழும்பில் தோன்றும் இத்தகைய புண் 1828இல் அதனை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜொலின் பெயரால் வழங்குகிறது. காஷ்மீரில் குளிருக்கு உடலோடு அணைத்துக்கொள்ளும் கங்ரி என்னும் கணப்புச் சட்டியின் சூட்டால் தோன்றும் புற்று நெடுங்காலமாக அறியப்பட்டது. வேட்டியின் இறுக்கத்தால் இடுப்பில் உண்டாகும் புற்றினைக் கானோல்கரும் சூரியாபாயும் 1945இல் எழுதினர். உள்பாவாடை நாடா அழுந்தும் இடத்தில் பெண்களுக்கு வரும் புற்று 'சேலைப் புற்று' என்றே மருத்துவ எழுத்துகளில் பெயர் பெற்றுள்ளது. மெலனோமா நம்மவர்க்கு உள்ளங்காலில் வருவது குறிப்பிடத்தக்கது.

முகத்தில், குறிப்பாக மூக்கிலும் கண்ணிமையருகிலும் வருவது பெரும்பாலும் அடித்தளச் செல் புற்றாகும். இந்தியரிடத்தில் இது கருநிறம் கொண்டு தோன்றுவதால் மச்சம் என்றோ மரு என்றோ கருதப்பட்டு ஆண்டுகள் கடந்துவிடுவதுண்டு. உடலின் பிற பகுதிகளுக்கு இது பரவுவது மிக அரிது. எனவே உயிரைப் பறிப்பதும் அரிது. ஆனால் இருக்கும் இடத்தில் ஆழ அரித்துச் செல்லும். அதனை வெட்டியெடுப்பதே முதன்மை மருத்துவம். கட்டியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து அகற்றுவது ஒரு முறை. பிரெடெரிக் மோஸ் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர் 1930களில் விஸ்கான்சினில் உருவாக்கிய முறையில், தோல் அடுக்கடுக்காக எடுக்கப்பட்டு, ஒவ்வோர் அடுக்கும் நுண்ணோக்கியில் பார்க்கப்படுகிறது. புற்று எஞ்சும் இடம் மட்டும் மேலும் வெட்டப்படுகிறது. முதன்முறை வரும் அடித்தளச் செல் புற்றுக்கு இம்முறையின் ஐந்தாண்டுக் குணவிகிதம் ஏறத்தாழ 99 விழுக்காடு.

இங்கேதான் இந்நோயின் தனித்தன்மை உள்ளது. நுரையீரல் புற்றிலோ வயிற்றுப் புற்றிலோ 'பிழைப்பாரா' என்ற வினா மற்ற வினாக்களை விழுங்கிவிடும். முகத்தோல் புற்றிலோ பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர். எஞ்சுவது முகத்தில் ஒரு வடு. சிலர்க்கு மூக்கின் ஓரத்தில் ஒரு பள்ளம். சிலர்க்குத் தொடையிலிருந்தோ காதுக்குப் பின்னிருந்தோ எடுத்து ஒட்டப்பட்ட, நிறம் சேராத ஒரு தோல் துண்டு. அவ்வடுவோடு அவர்கள் பல்லாண்டு வாழ்கின்றனர். ஆகவே, 'அறுவைக்குப் பின் நிறைவா?' என்ற வினா உண்மையான கனம் பெறும் நோய் இது. அவ்வினாவின் தமிழ் பழுதுபட்டால் அதன் விளைவும் இங்கே தெளிவாகப் புலப்படும்.

2. அளவைகள் கேட்பதும் படிவம் கேட்பதும்

மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பகுத்து ஆராயும் நெறியை அவெடிஸ் டோனபீடியன் 1966இல் முன்வைத்தார். அதன்பின் நோயாளர் மனநிறைவும் விளைவின் ஒரு கூறாக எண்ணப்பட்டது. தழும்பை மதிப்பிடும் கருவிகளின் வரலாறு இதில் நமக்கு ஒரு பாடம். 1990இல் வெளிவந்த வான்கூவர் தழும்பு அளவை நிறம், குருதியோட்டம், நெகிழ்வு, உயரம் ஆகியவற்றை மருத்துவர் பார்த்து மதிப்பிடுவது. நோயாளர்க்கு அதில் இடமில்லை. 2004இல் நெதர்லாந்தில் உருவான போசாஸ் அளவை, பார்ப்பவர்க்கு ஒரு பத்தியும் நோயாளர்க்கு ஒரு பத்தியும் தந்தது. வலி, அரிப்பு ஆகியவற்றை நோயாளர் மட்டுமே அறிவார் என்பது அப்போதுதான் அளவையின் அமைப்புக்குள் நுழைந்தது. முகத்தோல் புற்றுக்கென 2018இல் வெளியான ஃபேஸ்-க்யூ வினாநிரல் முகத் தோற்றம், தழும்பு பற்றிய மதிப்பீடு, நோய் மீளும் என்ற கவலை, தோற்றம் சார்ந்த மனத்துயர், தோற்றம் பற்றி முன்கூட்டித் தரப்பட்ட செய்திகள் எனத் தனித்தனியே வினவுகிறது.

இவற்றோடு நம் மருத்துவமனைகளின் பொதுவான கருத்துப் படிவத்தை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். படிவம் சேவையைக் கேட்கிறது, உடலைக் கேட்பதில்லை. வரவேற்பு, தூய்மை, காத்திருந்த நேரம், ஊழியரின் நடத்தை, கட்டணம் என்பன அதன் பொருள்கள். இவை அனைத்தும் வேண்டியவையே. ஆனால் இவற்றுக்கு விடையளித்த ஒருவரைத் 'திருப்தியுற்ற நோயாளர்' என்று பெயரிடும்போது, அவர் முகத்தில் உள்ள வடுவையும் அவர் ஏற்றுக்கொண்டார் என்ற பொருள் சொல்லாமலே சேர்ந்துவிடுகிறது.

மனநிறைவு விகிதம் எங்கும் உயர்ந்தே காணப்படுவது ஏன் என்ற வினாவைப் பிரித்தானியாவில் வில்லியம்ஸ், கொய்ல், ஹீலி ஆகியோர் 1998இல் எழுப்பினர். நோயாளர் எதிர்மறை அனுபவத்தைக் கூறிவிட்டும் நிறைவு என்றே மதிப்பிடுகின்றனர். 'அது அவர்கள் கடமையா', 'அது அவர்கள் தவறா' என்ற இரு எண்ணங்கள் அனுபவத்துக்கும் மதிப்பீட்டுக்கும் இடையே நிற்கின்றன என்பது அவர்தம் முடிபு. ஆக, இது தமிழர்க்கு மட்டும் உரிய இயல்பு அன்று. ஆனால் ஒவ்வொரு மொழியும் இந்த இடைவெளியைத் தனக்குரிய சொற்களால் நிரப்புகிறது. தமிழ் எச்சொற்களால் நிரப்புகிறது என்பதே நம் வினா.

3. திருப்தியும் குறையும்

'திருப்தி' என்னும் சொல் அன்றாடத் தமிழில் மிகுதியும் ஒலிக்கும் இடம் பந்தி. 'திருப்தியாச் சாப்பிட்டீங்களா?' என்று விருந்தளித்தவர் கேட்பார். அதற்கு 'இல்லை' என்ற விடை இலக்கணப்படி அமையலாம், வழக்கில் அமையாது. குழம்பில் உப்பு மிகுந்திருந்தாலும் விருந்தினர் 'ரொம்பத் திருப்தி' என்றே கைகழுவுவார். இங்கே வினா செய்தி கோருவதன்று. உறவை முத்திரையிட்டு முடிப்பது. விடையும் அவ்வாறே. இந்த இணைவினையை அப்படியே எடுத்து மருத்துவமனை வாயிலில் வைக்கும்போது நோயாளர் விருந்தினராகவும், மருத்துவமனை விருந்தளித்தோராகவும் மாறிவிடுகின்றனர். கட்டணம் செலுத்தியவராயினும் இந்நிலையிலிருந்து அவர் தப்புவதில்லை.

'மனநிறைவு' என்ற தமிழாக்கம் இச்சிக்கலைத் தீர்ப்பதாகத் தோன்றும். ஆனால் 'நிறை' என்பதன் எதிர்ச்சொல் 'குறை'. தமிழில் 'குறை' என்பது இருபொருள் உடையது: இல்லாமை ஒன்று, முறையீடு மற்றொன்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கள்தோறும் நடைபெறும் 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' என்ற பெயரில் இவ்விரு பொருளும் ஒன்றாகவே நிற்கின்றன. ஆகவே தமிழில் ஒன்று போதவில்லை என்று கூறுவதும் ஒருவர்மேல் பழி கூறுவதும் ஒரே சொல்லில் நிகழ்கின்றன. 'தையல் போட்ட இடம் இழுத்துப் பிடிக்கிறது' என்பது உடற்செய்தி. அதனை 'நிறைவா, குறைவா' என்ற வினாவுக்கு விடையாக்கினால், 'மருத்துவரைக் குறை சொன்னேன்' என்றாகிவிடும். உயிரைக் காத்தவரைக் குறை சொல்ல யார் முன்வருவார்? உடலில் உள்ள குறையைச் சொல்லும் வாய்ப்பைப் படிவத்தின் மையச்சொல்லே அடைத்துவிடுகிறது.

வேற்றுமையும் இதற்குத் துணைபோகிறது. தமிழில் உணர்ச்சியும் உடலனுபவமும் பெரிதும் நான்காம் வேற்றுமையில் வருவன: எனக்கு வலிக்கிறது, எனக்குப் பசிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. அனுபவம் வந்தடையும் இடமாகவே மனிதர் இங்கு நிற்கிறார். அதனைச் செய்பவராக அல்லர். படிவமோ 'தாங்கள் திருப்தி அடைந்தீர்களா' என்கிறது. நோயாளர் எழுவாயாகிறார், திருப்தி அவர் முயன்று அடைய வேண்டிய ஒன்றாகிறது. அடையவில்லை என்றால் அது அவருடைய இயலாமையாகவும் ஒலிக்கும். காலமும் கருதத்தக்கது. 'அடைந்தீர்களா' என்பது இறந்தகால வினா. அறுவை நடந்தது, முடிந்தது. வடுவோ இருக்கிறது, மாறிக்கொண்டிருக்கிறது. நிகழ்கால உடலை இறந்தகால வினைமுற்று தொடுவதில்லை.

'பரவாயில்லை' என்ற விடையும் எளிதன்று. 'நன்று', 'முன்பைவிடத் தேவலை', 'பொறுத்துக்கொள்கிறேன்', 'மன்னித்தேன்' என அது குரலுக்கேற்பப் பொருள் மாறும். தாளில் குரல் இல்லை. அதனை ஐந்தில் மூன்று என்று மதிப்பிடுவது எப்பொருளுக்கு இடப்பட்ட மதிப்பெண் என்பதை யாரும் விளக்கவியலாது.

4. வடுவின் பொருள் யார் கையில்?

படிவத்தின் வினாவுக்குள் வராத வடு, தமிழ் மரபில் நீண்ட வரலாறு உடையது. திருக்குறளின் அடக்கமுடைமை அதிகாரத்தில், ஆறிவிடும் தீக்காயம் 'புண்' எனவும், நாவினால் விளைந்து ஆறாதது 'வடு' எனவும் பிரித்துக் கூறப்படுகின்றன. 'வடு' தழும்பையும் குற்றத்தையும் குறிக்கும். 'மறு' உடற்புள்ளியையும் களங்கத்தையும் குறிக்கும். 'மாசு மறுவற்ற' என்ற தொடரைத் தோலுக்கும் நடத்தைக்கும் ஒருசேரப் பயன்படுத்துகிறோம். தோலில் உள்ள அடையாளத்துக்கான தமிழ்ச்சொற்கள் ஏறத்தாழ யாவும் அறச்சொற்களாகவும் இயங்குகின்றன.

புறப்பாடல் மரபில் மார்பில் ஏற்ற புண் விழுப்புண், முதுகிற்பட்டது புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனின் படைக்கலம் மார்பை ஊடுருவி முதுகில் புண்ணாக்கியதால் நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன் வரலாறு அறியப்பட்டதே. அங்கு ஆயுதம் ஒன்று, காயம் ஒன்று. மார்பின் பக்கம் பார்த்தால் பெருமை. முதுகின் பக்கம் பார்த்தால் இழிவு. புண்ணின் பொருளைப் புண் தீர்மானிக்கவில்லை. பார்ப்போரின் வாசிப்பே தீர்மானித்தது.

அறுவை வடுவுக்கு இத்தகைய வாசிப்பு மரபு எதுவும் அமையவில்லை. வீரனின் தழும்புக்குப் பாடல் உண்டு. கன்னத்தில் தழும்புடையவன் திரைப்படத்தில் பெரும்பாலும் அடியாளாகவே வருகிறான். புற்று நீக்கப்பட்ட மூக்குக்கு எக்கதையும் இல்லை. ஆகவே திருமண வீட்டில், பேருந்தில், கோயில் வரிசையில் 'மூஞ்சில என்னாச்சு?' என்ற வினா எழும்போது நோயாளர் தாமே ஒரு கதை கட்ட வேண்டியுள்ளது. 'கட்டி எடுத்தோம்', 'கீழே விழுந்துட்டேன்' என்பன அக்கதைகள். புற்றுநோய் என்ற பெயரைத் தவிர்ப்பதே அவற்றின் பொது இயல்பு. வடுவின் சுமையில் பெரும்பகுதி இந்த விடைகூறும் கடமைதான். எந்தத் தழும்பு அளவையும் இதற்கு ஓர் எண் ஒதுக்கவில்லை.

தோலின் நிறமும் இங்குப் பொருட்படுத்த வேண்டியது. வெள்ளைத் தோலில் தழும்பு சிவந்து, நாளடைவில் வெளிறும். நம் தோலில் அது கருத்துப் போவதும், தடித்து எழும்பிக் கீலாய்டு ஆவதும் மிகுதி. சிவப்பை மையமிட்டு எழுதப்பட்ட வினாவை அப்படியே தமிழாக்கினால் 'சிவப்பு இல்லை' என்ற விடை வரும். தழும்பு நன்கு ஆறியதாகக் கணக்கில் ஏறும். இவ்வினாக்களில் பெயர்க்க வேண்டியது சொல்லை மட்டுமன்று, தோலையும்தான்.

5. வடபழனியில் எழுந்த மருத்துவமனை

அறுவைக்குப் பிந்தைய வாழ்வு தமிழில் ஏன் கதையாகவில்லை என்பதற்கு ஒரு திரைப்படம் விளக்கம் தருகிறது. ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962இல் வெளிவந்தது. ஏறத்தாழ முழுக் கதையும் ஒரு மருத்துவமனைக்குள் நிகழ்கிறது. அம்மருத்துவமனை, வடபழனியின் விஜயா-வாகினி படப்பிடிப்புத் தளத்தில் எழுப்பப்பட்ட அரங்கு. அத்தளத்தின் அதிபரான பி. நாகி ரெட்டி பத்தாண்டுகளுக்குப் பின், 1972இல், வடபழனியிலேயே விஜயா மருத்துவமனையை நிறுவினார். இவ்விரண்டுக்கும் காரண உறவு கற்பிப்பது நம் நோக்கமன்று. முகங்களைத் தொழிலாகக் கொண்ட ஒரு பகுதி, நோயுற்ற உடலின் பகுதியாகவும் ஆனது என்ற அளவில் வடபழனி நமக்குப் பொருளுடையதாகிறது.

படத்தின் கதை பலர் அறிந்தது. புற்றுநோய் கண்ட கணவனை (முத்துராமன்) மனைவி (தேவிகா) மருத்துவமனையில் சேர்க்கிறாள். மருத்துவர் (கல்யாண்குமார்) அவளை முன்னர் விரும்பியவர். நோயாளர்க்கு இது தெரியவருகிறது. தாம் இறந்தால் அவள் மருத்துவரை மணக்க வேண்டும் என்கிறார். மருத்துவர் தம்மை வருத்தி உழைத்து அவரைக் காக்கிறார், அறுவை வெற்றி பெறுகிறது, மருத்துவர் இறக்கிறார்.

கதையாடலின் அமைப்பை நோக்கினால், பொருளின் மையம் மருத்துவர் என்பது தெளிவு. நோயாளரின் உடல் அவருடைய தியாகம் நிகழும் களம். அறுவையறைக் கதவு திறக்கும் கணமே உச்சம். உயிர் மீண்டது என்ற செய்தியோடு நோயாளரின் உடல் பற்றிய கதை முற்றுப்பெறுகிறது. தையல் பிரித்த நாள், முதல் குளியல், மார்பில் உள்ள தழும்பை மனைவி பார்த்த பொழுது ஆகிய எதுவும் அக்கதைக்குத் தேவைப்படவில்லை. உயிரையே கொடுத்துக் காத்த மருத்துவரின் முன்னே பிழைத்தவர் கூறத்தக்கது நன்றி ஒன்றே. அவரிடம் போய் 'திருப்தியா?' என்று கேட்பது பொருத்தமற்றது. 'இல்லை' என்பது நன்றிகேடு. மூன்றாண்டுகளுக்குப் பின் வந்த கே. பாலசந்தரின் 'நீர்க்குமிழி'யும் (1965) மருத்துவமனையையே களமாகக் கொண்டது. இவ்வகைப் படங்கள் மருத்துவமனைக்குள் காதலையும் நகைச்சுவையையும் மரணத்தையும் கொண்டுவந்தன. வீடு திரும்பிய உடலை அவை பின்தொடரவில்லை.

இது படத்தின் குறையன்று. அதன் வகைமை அத்தகையது. ஆனால் இவ்வகைமை திரையோடு நிற்கவில்லை. மருத்துவரைத் தெய்வமாகப் போற்றும் நம் பேச்சுவழக்கோடு இது ஒத்திசைகிறது. வடபழனி முருகன் கோயிலில் நோய் தீர்ந்தவர் மொட்டையடித்து நேர்த்திக்கடன் செலுத்துவதும் ஓர் 'அறுவைக்குப் பிந்தைய கூற்று' தான். அதன் மொழி கடன் தீர்க்கும் மொழி. 'எவ்வளவு நன்றாகத் தீர்த்தாய்' என்று தெய்வத்துக்கு மதிப்பெண் இடும் வழக்கம் இல்லை. காப்பீட்டுத் திட்டத்தின்கீழ்க் கட்டணமின்றி அறுவை செய்துகொண்டவர்க்கும் நன்றியுணர்ச்சியே மேலோங்கும். அந்நன்றி உண்மையானது, மதிப்பிற்குரியது. அதனைப் பொய் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. அது வேறொரு வினாவுக்கான விடை என்பதே நம் வாதம்.

6. முகதாட்சணியமும் சொல்லப்படாத பெயரும்

நல்ல மருத்துவரைப் பற்றித் தமிழ் நோயாளர் கூறும் உயர்ந்த பாராட்டு 'முகம் கொடுத்துப் பேசினார்' என்பது. கடிந்தவரை 'முகம் கொடுத்துப் பேசவில்லை' என்பர். மருத்துவ உறவே முகங்களுக்கு இடையிலான உறவாகத் தமிழில் உணரப்படுகிறது. இவ்வுறவில் பிறப்பதுதான் முகதாட்சணியம்: எதிரில் நிற்பவரின் முகத்தைக் கருதி, மறுக்க வேண்டியதை மறுக்காமலும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் விடுதல். படிவத்தைக் கையில் தருபவர் நேற்றுவரை புண்ணுக்கு மருந்திட்ட செவிலியராக இருந்தால், விடை அவர் முகத்துக்கே எழுதப்படுகிறது. பிறர் முகத்துக்காகத் தம் முகத்தைப் பற்றிய செய்தி விழுங்கப்படுகிறது.

எழுதுபவர் நோயாளர்தானா என்பதும் ஐயத்துக்குரியது. மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நால்வகையாக்கி, நோயாளர், மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பேணுபவரையும் ஒரு கூறாக வைத்தார். நம் மருத்துவமனைகளில் இன்றும் உடனிருப்பவரே கையொப்பமிடுகிறார்; கட்டணம் செலுத்துகிறார்; படிவமும் நிரப்புகிறார். அவருடைய நிறைவு, 'அப்பா வீடு திரும்பினார்' என்பதில் அமைகிறது. அப்பாவின் கண்ணாடி அவர் கையில் இல்லை.

நோயின் பெயரை நோயாளரிடம் கூறாமல் மறைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அன்பினால் செய்யப்படும் மறைப்பு அது. ஆனால் 'தோல் புற்றுநோய் அறுவைக்குப் பின் உங்கள் கவலை என்ன' என்று தொடங்கும் வினாநிரலை அவரிடம் எவ்வாறு தருவது? 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பின்னாளில் புற்றுநோயாளரின் உளநலத்துக்கெனத் தனித் துறை கண்டது. பெயர் சொல்வதும் பின்வாழ்வைக் கேட்பதும் மருத்துவத்தின் பகுதியே என்பதை இது உணர்த்துகிறது. அப்பணிக்குரிய தமிழ் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் மருத்துவத் தமிழை உருவாக்கியபோது உறுப்பு, கருவி, நோய், செய்முறை ஆகியவற்றுக்குப் பெயர்கள் தேடப்பட்டன. அது மருத்துவர் கற்பதற்கான தமிழ். நோயாளர் சொல்வதற்கான தமிழ் என்ற பிரிவு பின்வந்த கலைச்சொல்லாக்கத்திலும் தனியே வளரவில்லை.

7. வினாவை மாற்றி எழுதுதல்

மேற்கண்டவற்றிலிருந்து சில நடைமுறைக் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவது, மதிப்பீட்டுச் சொல்லுக்கு மாற்றாகச் செயலைக் கேட்கலாம். 'திருப்தியா?' என்பதைவிட, 'அறுவைக்குப் பின் திருமணம், திருவிழாவுக்குப் போனீர்களா?', 'முகத்தைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்கிறீர்கள்?', 'புகைப்படத்துக்கு நிற்கும்போது எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள்?' என்பன உண்மையான விடை பெறும். இவற்றுக்கு விடை கூறுவதால் யாரையும் குறைகூறியதாகாது.

இரண்டாவது, நான்காம் வேற்றுமையில் கேட்கலாம். 'தழும்பில் உங்களுக்கு அரிக்கிறதா, இழுக்கிறதா, சுருக்கென்று வலிக்கிறதா' என்று கேட்டால் அனுபவம் அனுபவமாகவே பதிவாகும். அரிப்பு, இழுப்பு, மதமதப்பு, குத்தல் என உடலுணர்வுக்குத் தமிழில் நுட்பமான சொற்கள் உள்ளன. அவற்றைப் பயன்படுத்தாமல் 'அசௌகரியம்' என்ற ஒரே சொல்லில் அடைப்பது வறுமை.

மூன்றாவது, காலம். தழும்பு முதிர ஓராண்டு வரை ஆகும். வீடு திரும்பும் நாளில் கேட்கப்படும் வினா கட்டுப்போட்ட முகத்தையே கேட்கிறது. தையல் பிரித்தபின் ஒருமுறையும், ஆறு மாதத்தில் ஒருமுறையும், ஓராண்டில் ஒருமுறையும் கேட்பதே முறை. நான்காவது, கேட்பவர் மருந்திட்டவராக இல்லாதிருத்தல் நலம். ஐந்தாவது, உடனிருப்பவர்க்குத் தனிப் பத்தி வேண்டும். நோயாளரின் பத்தியை அவர் நிரப்பலாகாது.

இவை சொல்நயம் பற்றிய கவலைகள் மட்டும் அல்ல. ஒருமுறை தோல் புற்று வந்தவர்க்கு மீண்டும் ஒன்று தோன்றும் வாய்ப்பு மற்றவரைவிட மிகுதி. அவர் தொடர்ந்து வந்து தோலைக் காட்ட வேண்டும். வடுவைப் பற்றிய மனத்தாங்கலைச் சொல்ல இடமில்லாதவர் திரும்பி வருவதைத் தவிர்க்கக்கூடும். தடித்த தழும்பைத் தணிக்கவும், பள்ளத்தைச் சீரமைக்கவும் வழிகள் உள்ளன. 'மிகவும் திருப்தி' என்று குறித்தவரிடம் அவ்வழிகளைப் பற்றி யாரும் பேசப்போவதில்லை.

முடிவுரை

'திருப்தி' என்பது தமிழில் விருந்தின் சொல். 'குறை' என்பது பழியின் சொல். 'வடு' என்பது குற்றத்தின் சொல். இம்மூன்றுக்கும் இடையே முகத்தோல் புற்றறுவை செய்துகொண்டவர் நிற்கிறார். அறுவையறைக் கதவோடு முடியும் கதையாடல் அவருக்கு நன்றி என்ற ஒரே உரையாடலை எழுதித் தந்துள்ளது. படிவத்தில் உயர்ந்து காணப்படும் எண் அந்நன்றியின் அளவாக இருத்தல் கூடும். உடலின் நிலையை அறிய அது போதாது. நன்றியை நன்றியாகவே ஏற்று, உடலைப் பற்றி வேறாகக் கேட்கும் தமிழை உருவாக்குவது மருத்துவர்க்கு மட்டும் உரிய பணியன்று. சொற்பொருளும் வேற்றுமையும் கதையாடலும் கற்ற தமிழ்த்துறையினர் மருத்துவமனைகளோடு சேர்ந்து செய்ய வேண்டிய பணி. அகராதியிலும் கலைச்சொல் தொகுதியிலும் மருத்துவரின் சொற்கள் ஏறியுள்ளன. தழும்பின்மேல் விரல் வைத்து நோயாளர் சொல்லும் சொற்களைத் தொகுப்பது அதன் முதற்படியாக அமையும்.